மணற்கழியின் நீராட்கள்

இறாலை வாரி, ஐஸ் போட்டு, லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாள் காலையில், மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடலாம் என்று மண்வெட்டியோடு கரைக்கு வந்த தமயந்தி, மணற்கழி ஊரின் முந்நூற்றுப் பதினேழு பேரும் குட்டைத் தண்ணீருக்குள் இருப்பதைக் கண்டாள். கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள். எட்டு வருஷமாக அந்த இறால் குட்டையில் தீவனம் போட்டு, தண்ணீர் பார்த்து, தண்ணீரில் காற்றுக் கலக்கும் நாலு துடுப்புச் சக்கரங்களையும் ஓட்டி வந்தவள் அவள். தண்ணீர் பச்சையானதையும் பழுப்பானதையும் ஒரே நாளில் பாலாய் வெளுத்ததையும் பார்த்திருந்தவளுக்கு, அதில் ஊர் தெரிந்தது புதிதாக இன்னொரு நிறம் ஏறிய மாதிரிதான் இருந்தது.

ஆட்கள் ஊருக்குள் எப்போதும்போல நடமாடிக்கொண்டிருக்க, தண்ணீரில் ஒவ்வொருவரும் எள்ளளவு இருந்தார்கள். கை இல்லை, கால் இல்லை, முகம் இல்லை. சிலர் பச்சை, சிலர் கண்ணாடி, சிலருக்கு வால், சிலருக்கு உடம்பெல்லாம் மயிர். ஆனாலும் யார் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒன்று மேலே எழும்பி, நின்று, சர்ரென்று கீழே இறங்கி, மறுபடியும் எழும்பியது. அது டீக்கடை வைரக்கண்ணு. டீ ஆற்றும்போது அவர் கை அப்படித்தான் போய் வரும். நாலு பக்கமும் முள் நீட்டிய கண்ணாடிப் பெட்டி ஒன்று, தானாக ஒரு விரற்கடைகூட நகராமல், தண்ணீர் தள்ளிய பக்கமெல்லாம் வெகு கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது. அது ஊர்த்தலைவர் பக்கிரிசாமி என்பதை அவர் சம்சாரமே முதலில் சொன்னார்.

காரணம் கேட்பவர்களுக்கு ஊரார் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்கள். தவிடும் வெல்லப்பாகும் ஈஸ்ட்டும் போட்டு நீல டிரம்மில் ஊறவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் குட்டையில் ஊற்றுவது தமயந்தியின் வேலை. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நல்ல உயிர்கள் பெருகினால் இறாலுக்கு நோய் அண்டாது என்று ஏற்பாடு. கடைசி இறாலும் லாரி ஏறிய சாயங்காலம், குட்டை காலி என்பதை மறந்து, பழக்க தோஷத்தில் அவள் கடைசி டிரம்மையும் ஊற்றிவிட்டாள். தின்ன ஆளில்லாத தீனியைத் தின்று அவை வளர்ந்தன, வளர்ந்தவை நாமாக இருந்தோம் என்றார்கள். அதற்கு மேலும் கேட்டவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

தண்ணீரில் இருந்தவர்களுக்கு நீராட்கள் என்று பெயர் வைத்தாயிற்று. வடிக்கும் பேச்சு அத்தோடு நின்றது, வடித்தால் எல்லோருமாக உப்பாற்றில் போய்ச் சேர வேண்டியதுதான். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் கரைக்கு ஓடின, வலை பின்னுகிறவர்கள் வலையைக் கரைக்கே தூக்கிவந்து பின்னினார்கள். ஐந்தாறு நாளில் ஒரு விஷயம் பிடிபட்டது. காலையில் தண்ணீருக்குள் எந்த இரண்டு நீராட்கள் முட்டிக்கொள்கின்றனவோ, அந்த இரண்டு பேர் பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் எங்காவது எதிர்ப்பட்டுக்கொண்டார்கள். பதினோரு வருஷம் முகம் பார்க்காத சம்பந்திகள் இரண்டு பேரின் நீராட்களும் ஒரு திங்கட்கிழமை இடித்துக்கொண்டன. அன்று மாலை ரேஷன் கடை வரிசையில் அவர்கள் முன்னும் பின்னுமாக நின்றார்கள், ஒருத்தர் பையை இன்னொருத்தர் பிடித்துக்கொண்டார்.

அதற்குப்பிறகு ஊரே நாள் முழுக்க யார் யாரோடு சேர்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. வால் உள்ளவை தேடிப் போயின. வால் இல்லாதவை சக்கரம் கிளப்பிய சுழலில் ஏறி, அது கொண்டுபோய் விட்ட இடத்தில் இருந்த ஆளோடு மோதின. கனத்தவை மெல்ல மெல்லக் கீழே இறங்கும் வழியில் லேசானவற்றின் தலையில் போய் உட்கார்ந்தன. ஒவ்வொன்றின் உடம்பிலிருந்தும் ஏதோ கசிந்தது, சந்தோஷமோ வியர்வையோ, ஒரு வாசனை மாதிரி, அது நூலாகத் தண்ணீரில் நீண்டு கிடந்தது. அந்த நூல் தட்டுப்பட்டதும் வாலுள்ளவை கொஞ்சம் ஓடி, நின்று, திரும்பி, மறுபடி கொஞ்சம் ஓடி, எப்படியோ வாசனைக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டன. வாத்தியார் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, நம் ஊரில் நடந்த கல்யாணங்களும் இப்படித்தானே நடந்தன என்றார்.

தமயந்தி பார்த்தது ஒரே ஒரு நீராளை. அவள் ஒரே மகள் சுடர்விழிக்கு வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மருமகன் கப்பலில் வேலை. தண்ணீருக்குள் சுடர்விழி நல்ல இலைப்பச்சை. முன்பக்கம் இரண்டு நூல்களை நீட்டி, அவற்றால் தண்ணீரைத் தன் பக்கமாக இழுத்து இழுத்து நீந்தினாள். ஆறு வயதில் கழியில் நீந்தக் கற்றபோதும் அவள் அப்படித்தான் நீந்தினாள். அந்தப் பச்சைக்குள் இன்னும் ஒரு பச்சை, கடுகைவிடச் சின்னதாக, சுருண்டிருந்தது. தமயந்திக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த பிடிப்பு முழுக்க அந்த எள்ளளவு இடத்தில்தான் இருந்தது.

தன்னை மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. யாராலும் தன்னைத்தானே கண்டுபிடிக்க முடியாது, அடுத்தவர்தான் காட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்கிரிசாமியையே கேட்டாள்.

"அண்ணே, நான் எங்கண்ணே இருக்கேன்?"

"அந்தாண்டை எங்கயாச்சும் இருப்ப தங்கச்சி. எட்டு ஏக்கர் தண்ணி, எங்கன்னு தேடுறது?"

மகளைக் கேட்டாள். மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இருக்கம்மா, நல்லாத்தான் இருக்க, வா, வெயிலு ஏறிட்டு" என்றாள். டிரம்மை ஊற்றியவள் என்பதால் தனக்கு அதில் பங்கு இல்லைபோலும் என்று தமயந்தி சமாதானம் செய்துகொண்டாள்.

முதல் சுருள் மேலே வந்தது ஒரு வியாழக்கிழமை. நாலு சக்கரமும் ஓடும்போது குட்டையின் அழுக்கெல்லாம் நடுவில் சேரும், சேர்ந்து கறுத்துச் சேறாகிக் கிடக்கும், அந்தச் சேற்றை மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அங்கிருந்துதான் அது கிளம்பியது. நிறம் இல்லை, முடிச்சவிழ்ந்த நூல் துண்டாக, தன்னைத்தானே முறுக்கி முறுக்கி முன்னேறியது. அது இந்த ஊர் ஆள் இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வாரம் வைரக்கண்ணுவுக்கு இருமல். அவர் நீராளிலிருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. சுருள் அந்தக் கசிவைப் பிடித்தபடி வந்து, அவரைத் தொட்டு, ஒரு சுற்று சுற்றி, இன்னொரு சுற்று சுற்றியது. கரையில் நின்று தன் நீராளைப் பார்த்துக்கொண்டிருந்த வைரக்கண்ணு, "என்னய்யா இது, கயிறு கட்டுறான்" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது அவர் செத்துப்போனார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தார், குடித்தது எங்கே போனது என்று தெரியவில்லை. நாலு பேர் தூக்க வேண்டிய பாடையை இரண்டு பேர் ஆளுக்கொரு கையால் தூக்கிப்போனார்கள். அந்த லேசைப் பார்த்த பிறகுதான் ஊருக்குப் பயம் பிடித்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கரைக்கு வந்து, அவரவர் பிள்ளைகளின் நீராள் எங்கே, எத்தனை சாண் தூரத்தில் சுருள் என்று பார்த்தார்கள்.

அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் சுருளோடு சேர்ந்து ஊரும் வெளுத்துப்போகும். வேட்டித்துணியால் சுருளை மட்டும் அரித்தெடுக்கப் போனார் ஒருவர். துணியில் அவர் மச்சினனின் நீராள் ஒட்டிக்கொண்டது, இங்கே மச்சினன் பந்தியில் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சடைத்து நீலம் பாரித்தான். நல்லவேளையாகத் துணியை மறுபடி தண்ணீரில் போட்டார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், கடைசியில் பக்கிரிசாமி பேசினார்.

"சுருளு அதுவா வந்து பிடிக்கலை. சக்கரம் சுத்துறதாலதான் தண்ணி சுத்துது, தண்ணி சுத்துறதாலதான் இவன் அவன் மேல மோதுறான். சக்கரத்தை நிறுத்திப்புட்டா யாரும் யாரையும் தொட முடியாது. அவனவன் இருந்த இடத்துல பத்திரமா இருந்துட்டுப் போறான். சரிதானே தமயந்தி? தண்ணி உனக்குத்தானே தெரியும்."

தண்ணீர் அவளுக்குத் தெரியும்தான். சக்கரம் நின்ற தண்ணீர் செத்த தண்ணீர் என்று எட்டு வருஷமாகத் தெரியும். மின்சாரம் போனால் அலறியடித்துக்கொண்டு ஜெனரேட்டரைப் போட ஓடியவள் அவள். ஆனால் அன்று காலையில்தான் சுடர்விழியின் நீராளுக்கு ஒரு முழம் தூரத்தில் சுருள் ஒன்று கடந்துபோனதை அவள் பார்த்திருந்தாள். பயம் வந்த இடத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. "நிறுத்திடலாம் அண்ணே" என்றாள். சுவிட்ச் போர்டிலிருந்து நாலு ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவளே. யாரும் மனம் மாறி மறுபடி போட்டுவிடக் கூடாது என்று அவற்றை மாரியம்மன் உண்டியலில் போட்டார்கள். உண்டியலை வருஷத்துக்கு ஒருமுறை, ஆடித் திருவிழா முடிந்துதான் திறப்பது வழக்கம். ஆடிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

சக்கரம் நின்றது, அலை நின்றது, நுரை அடங்கியது. நீராட்கள் அந்தரத்தில் அப்படியே நின்றன.

மறுநாள் காலையில் பால்காரர் எல்லா வீட்டிலும் கதவைத் தட்டினார், எல்லா வீட்டிலும் பெண்கள் பால் வாங்கக் கதவைத் திறந்தார்கள், ஆனால் அவர் தட்டிவிட்டு நகர்ந்த பிறகுதான் அவர்களால் கதவைத் திறக்க முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போனபோது வாத்தியார் பிள்ளைகளைத் தேடி வெளியே போயிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் செருப்பு வாரை மாட்டக் குனிந்த நேரத்தில் பஸ் வந்து போனது. ஒருவர் தெருவுக்குள் நுழைந்தால் இன்னொருவர் அந்தத் தெருவின் மறுமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார், முதுகின் ஓரமும் சேலைத் தலைப்பும் மட்டும் தெரிந்தன. குரல் கேட்டது. சமையல் வாசனை வந்தது. ஆள்தான் கிடைக்கவில்லை. போனில் கூப்பிட்டால் பிஸி என்று வந்தது, ஏனென்றால் கூப்பிடப்பட்டவர் அதே நேரத்தில் இவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மணற்கழி அதற்கும் பழகிக்கொண்டது. பால் செம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும், திரும்பி வந்தால் பால் இருக்கும். சண்டை போட நினைத்தவர்கள் கூரையேறித் திட்டினார்கள், பதில் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கூரையிலிருந்து வந்தது. புருஷனுக்குச் சோறு போட்டு மூடிவைத்துவிட்டு மனைவி கொல்லைக்குப் போனாள், வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. யாரும் சாகவில்லை. ஒருவர்கூடச் சாகவில்லை என்று கூரைகளிலிருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லும் குரல்கள் நாளாக ஆக மெலிந்துகொண்டே போனதை யாரும் சொல்லவில்லை.

தமயந்தி மகளின் முகத்தைப் பார்த்துப் பதினெட்டு நாள் ஆயிற்று. ஒரே வீடு, இரண்டே அறை. இவள் அடுப்படிக்குப் போனால் அவள் கொல்லைக்குப் போயிருந்தாள், இவள் கொல்லைக்கு ஓடினால் அவள் கூடத்துக்கு வந்திருந்தாள். சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து பேசினாள்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேம்மா. கால் ரொம்ப வீங்குது."

"காட்டு பார்ப்போம்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குட்டைக்குத் தினமும் போனாள். தண்ணீரை யாரும் கலக்கிவிடாமல் காவலுக்கு ஊர் நிறுத்திய இரண்டு பேரை அவள் பார்க்கவில்லை, அவர்களும் அவளைப் பார்க்கவில்லை. நின்ற தண்ணீரில் நீராட்கள் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத மெதுவில், நாளுக்கு ஒரு விரற்கடை, எல்லோரும் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் கறுப்புச் சேறு இருந்தது. சேற்றில் சுருள்கள் இருந்தன. கூரையேறி இதைக் கத்திச் சொன்னாள்.

"அண்ணே, எல்லாரும் இறங்குறோம் அண்ணே!"

எங்கிருந்தோ பக்கிரிசாமியின் குரல் வந்தது. "இறங்கினா இறங்கட்டும். ஏழு மாசத்துக்குத் தாங்கும். நீ சும்மா இரு."

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குச் சுடர்விழி "அம்மா" என்றாள். அந்த அழைப்பு வேறு மாதிரி இருந்தது. தமயந்தி அறைக்குள் ஓடினாள். பாய் காலியாக, சூடாக, நனைந்து கிடந்தது. பனிக்குடம் உடைந்திருந்தது. "அம்மா" என்று கொல்லையிலிருந்து சத்தம் வந்தது. கொல்லைக்கு ஓடினாள். ஈரக்கால் தடம் வாழைமரம்வரை போய் மறுபடி வாசலுக்குத் திரும்பியிருந்தது. வாசலுக்கு ஓடினாள், அறைக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

"ஓடாதடி! ஒரே இடத்துல கிட! நான் வர்றேன்!"

"நான் ஓடலம்மா! பாயிலதாம்மா கிடக்கேன்! நீ எங்கம்மா இருக்க?"

அவள் பாயின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

அலறல் கேட்டுக் கிளம்பிய ஊர் நர்சம்மா ஆரோக்கியமேரியின் ஸ்கூட்டி இரண்டு தெரு தள்ளிச் சுற்றிச் சுற்றி வரும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் சைரன் ஊரை ஒரு வட்டம் அடித்துவிட்டு மெயின் ரோட்டுக்கே போய், திரும்பவும் வந்து, திரும்பவும் போனது. "அக்கா, வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா வருது?" என்று நர்சம்மா காற்றில் கேட்டார். "விடாம வருது!" என்று தமயந்தி கத்தினாள். "தலை தெரியுதா பாருங்கக்கா!" என்றார் நர்சம்மா. எதைப் பார்ப்பது? ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று, உச்சி வெயில் வந்தது. மகளின் அலறல் முனகலாகக் குறைந்தது. பெற்ற பிள்ளை கை நீட்டும் தூரத்தில் கிடந்து சாகிறது, கை நீட்டினால் அங்கே இல்லை. தமயந்தி தலையில் அடித்துக்கொண்டு குட்டைக்கு ஓடினாள்.

தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. இடுப்பளவு ஆழத்தில், சேற்றுக்கு ஒரு சாண் மேலே, சுடர்விழியின் நீராளைக் கண்டாள். அது நீண்டு, நடுவில் இடுப்புச் சிறுத்து, இரண்டாகப் பிரிய வேண்டியது பிரியாமல், ஒரு மயிரிழையில் ஒட்டிக்கொண்டு நின்றது. உதறிவிட அங்கே ஒரு சின்ன அசைவுகூட இல்லை. அதிலிருந்து பச்சையாகக் கசிந்தது ஒரு நூலாக, கலையாமல், வளையாமல், நேர்க்கோடாகச் சேறுவரை இறங்கியிருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மூன்று சுருள்கள் முறுக்கி முறுக்கி மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அவசரம் இல்லை. தேட வேண்டிய வேலையே இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சக்கரம் ஓடியவரை இந்த நூல் அறுந்து அறுந்து போய்க்கொண்டிருந்தது, சுருள்கள் வழி தெரியாமல் திணறின, ஏதோ ஒன்று தப்பித் தவறி யாரையாவது பிடித்தது. அவற்றுக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது ஊர்தான். கட்டையைப் பிடுங்கிக் கொடுத்தது தானேதான். சக்கரத்தைப் போட வழியில்லை, கட்டைகள் உண்டியலில் கிடந்தன. கலக்கினால் சேற்றில் கிடக்கும் சுருள்களெல்லாம் கிளம்பி ஊர் முழுவதன் மேலும் பாயும். முந்நூற்றுப் பதினான்கு பேர். பெயர் சொன்னால் எல்லோரையும் அவளுக்குத் தெரியும். ஒரு நொடி நின்றாள், ஒரு நொடிதான் நின்றாள், அந்த நொடிக்காகப் பிற்பாடு அவள் வெட்கப்படவும் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

இறங்கிக் காலால் உதைத்தாள், கையால் அறைந்தாள், சக்கரம் சுற்றும் வாட்டத்திலேயே வட்டமாக ஓடினாள், தடுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடினாள், வாய் நிறைய உப்புத் தண்ணீரைக் குடித்தாள், மாரியம்மா மாரியம்மா என்று கத்திக்கொண்டே மார்பாலும் முதுகாலும் தண்ணீரைத் தள்ளினாள். குட்டை அசைந்தது. பச்சை நூல் நெளிந்து, கிழிந்து, பத்தாகவும் நூறாகவும் பிய்ந்து மறைந்தது. சுருள்கள் ஏறிய வழி காணாமல் தாறுமாறாகச் சுழன்றன. நீராட்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இடித்துக்கொண்டு புரண்டார்கள். கிளம்பிய சுழல் ஒன்றில் மயிரிழை அறுந்து, ஒரு பச்சை இரண்டு பச்சையானது.

சின்னப் பச்சை தனியாக மிதந்தது. அதற்கு இன்னும் நீந்தத் தெரியவில்லை. ஒரு சுருள் தற்செயலாக, எந்த வாசனையும் பிடிக்காமல், சும்மா சுழன்று வந்த வேகத்தில் நேரே அதன்மேல் வந்தது. தமயந்தி அலறிக்கொண்டு நடுவில் கையை வீசினாள். அவள் கை கிளப்பிய அலையில், எப்போதும் சக்கரத்தடியிலேயே கிடக்கும் அழுக்கு வெள்ளை உருண்டை ஒன்று, வாலில்லை, மயிரில்லை, நீர்க்குமிழி என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்த ஒன்று, உருண்டு வந்து குறுக்கே விழுந்தது. சுருள் அதைத் தொட்டது. ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றியது. சின்னப் பச்சை அந்தப்பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டது.

யாரோ ஒருத்தர். என் பிள்ளை இல்லை, என் பிள்ளையின் பிள்ளை இல்லை. தமயந்தி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தாள். அவ்வளவு நிம்மதியை அவள் வாழ்க்கையில் அதற்கு முன்பு அனுபவித்ததில்லை.

ஊருக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் வந்தது. தெருக்களில் ஆட்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள், கட்டிக்கொண்டார்கள், என்ன இளைத்துவிட்டாய் என்று அழுதார்கள். ஆரோக்கியமேரியின் ஸ்கூட்டி நேராகத் தமயந்தியின் வாசலில் வந்து நின்றிருந்தது. விஷயம் தெரிந்து கரைக்கு ஓடிவந்த கூட்டத்தில் பக்கிரிசாமி முன்னால் நின்றார்.

"பொம்பளைப்புள்ள, தங்கச்சி! தாயும் சேயும் சொகம்! நர்சம்மா தொப்புள்கொடி அறுத்துட்டுத்தான் இருக்காங்க!" என்றார். "சுருளு எதுவும் யாரையும் தொடலயே?"

"ஒண்ணே ஒண்ணு அண்ணே. இந்தா, இதைத்தான் சுத்தியிருக்கு. பாவம், யாருண்ணே இது?" அவள் அந்த வெள்ளை உருண்டையை உள்ளங்கைத் தண்ணீரோடு ஏந்திக் காட்டினாள். முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

பக்கிரிசாமி பார்த்தார். பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எட்டு வருஷம் அந்தக் குட்டையோடு கிடந்தவளிடம், நீ வாலும் இல்லாமல் நிறமும் இல்லாமல் சக்கரத்தடியில் கிடக்கிறாய், சக்கரம் அசைந்தால் அசைகிறாய் என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுத்தான் ஊர் இத்தனை நாளும் மழுப்பியிருந்தது.

தமயந்தி அவர்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தண்ணீரைச் சிந்தாமல், மெதுவாக, குட்டையிலேயே விட்டாள்.

"உண்டியலை உடைங்க அண்ணே" என்றாள். "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. சக்கரத்தைப் போடுங்க. இனிமே எது வந்தாலும் நிறுத்தாதீங்க."

அன்றைக்கும் மறுநாளும் அவளுக்குத் தாகம் எடுத்தது. குடித்தாள், குடித்தது போதவில்லை. பயமாகத்தான் இருந்தது, மகள் பார்க்காத நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் காலையில் வெந்நீர் போட்டு, பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கெண்டைக்காலின் மேல் பேத்தியைக் கிடத்தினாள். பக்கத்தில் சுடர்விழியை உட்காரவைத்தாள். கழுத்தைத் தாங்குவது எப்படி, காதில் தண்ணீர் போகாமல் கையை வைப்பது எப்படி என்று காட்டினாள். அவள் கால்கள் எவ்வளவு லேசாகிவிட்டன என்பதைச் சுடர்விழி பார்த்தாள், பார்த்துவிட்டு அழுதாள்.

"அழாத. நல்லாப் பாத்துக்க. நாளையிலிருந்து நீதான் ஊத்தணும்" என்றாள் தமயந்தி. செம்பில் மொள்ளும் முன்பு, அண்டாத் தண்ணீரில் கையை விட்டு ஒருமுறை வட்டமாகக் கலக்கினாள். "இதை மட்டும் மறந்துடாத. நின்ன தண்ணியை எடுத்துப் புள்ள மேல ஊத்தாத."

மணற்கழியில் இன்றைக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் முதலில் கையை விட்டு ஒரு சுற்று கலக்குகிறார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் இது என்ன பழக்கம் என்று கேட்கிறார்கள். கலக்கு, அப்புறம் சொல்கிறோம் என்கிறார்கள் மாமியார்கள். குட்டையில் நாலு சக்கரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த மூன்றாம் நாள் பொழுது சாயும்போது தமயந்தியை ஒரே ஆளாக, இரண்டு கைகளிலும் ஏந்தி, சுடுகாடுவரை கீழே வைக்காமல் தூக்கிப்போனார் பக்கிரிசாமி.